வசந்தா ஓட்டிக் காட்டிய தெரு

ஜனவரி, ஞாயிறு இரவு

சைதாப்பேட்டையிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் வரை அடையாற்றங்கரை மண்பாதையிலேயே சைக்கிளில் போய்விட முடியுமா என்று பார்க்கத்தான் காலையில் கிளம்பினேன். பாதி வழியில், வீடுகளை இடித்துச் சமன்செய்த பொட்டலில், ஒரு பெண் தனியாக நின்றிருந்தார். ஜல்லியில் என் சக்கரம் சறுக்கியதும் சிரித்துவிட்டார்.

"இன்னாக்கா, என் வூட்டுக்குள்ளயே சைக்கிள வுட்டுட்டே!"

பெயர் வசந்தா. இங்கே இருந்தவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையைப் பெருக்கித் துடைக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டாம். இன்று பஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் இங்கே எட்டிப்பார்க்க வந்திருக்கிறார். எனக்கு அது வெறும் தரையாகத்தான் தெரிந்தது.

"எது எங்க இருந்துச்சு, சொல்றீங்களா?"

"வாயால சொன்னா புரியாது. சைக்கிளக் குடு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். முதலில் தடுமாறினார். பிறகு நேராகப் போய், இல்லாத ஒரு சந்தில் திரும்பினார். "இது கவுஸ் பாய் வூடு! இது டைலர் அக்கா! இங்கதான் தண்ணி பம்பு கீது!" எதையும் 'இருந்தது' என்று சொல்லவில்லை.

மூச்சு வாங்க வந்து இறங்கியவர், சைக்கிளைக் கொடுக்காமல் நின்றார். "இரு, ஒரு வூட்ட வுட்டுட்டேன்."

மறுபடியும் ஏறி, தண்ணீர் ஓரம் வரை போனார். இறங்கிச் சற்று நேரம் நின்றார். இந்த முறை எந்தப் பெயரையும் கத்தவில்லை. திரும்பி வந்தபோது நானும் கேட்கவில்லை.

யார் வீடாக இருக்கும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.