மிளகுக் கிடங்கு வாசலில்

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

துறைமுகத் திருவிழாவில் பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டினாயே, அந்தக் கூட்டத்தில் கடைசியாக முக்காடு போட்டு நின்றவள் நான்தான்.

மிளகுக் கிடங்கு வாசலில், "இங்க தும்மினா ஜலதோஷம்னு நெனைக்காதீங்க, முந்நூறு வருஷச் சரித்திரம் மூக்குல ஏறிடுச்சுன்னு அர்த்தம். எங்க அத்தான் சொன்னது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் கண் கலங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள், அந்தப் பேச்சை அன்றுதான் முதல் தடவை கேட்கிறேன். தினம் நடக்கிற தெருவில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் வந்ததில்லை. பகலெல்லாம் ஊர் பார்க்க வந்தவர்களுக்குக் கதை சொல்லிவிட்டு, தொண்டை கட்டித்தான் வீட்டுக்கு வருவார். சோறு போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவார். நான் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பேன். கூடவே வழிகாட்டியாய் நடந்த உனக்கு அவர் குரல் கிடைத்தது. எனக்கு இருமல்.

அவர் கண்ணை மூடிய அன்று நீ என்னைக் கட்டிக்கொள்ள வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

திங்கட்கிழமை உனக்கு லீவு. என்னை மட்டும் கூட்டிப்போய், அவர் சொன்னதையெல்லாம் அவர் சொன்ன மாதிரியே சொல். ஒன்றையும் விடாதே. ஆனால் நீ அழக்கூடாது. அதையாவது எனக்கு விடு.

உன் அக்கா