தறி வீட்டுத் தொட்டிக்கு மீன்

ஜூன் 9, திங்கள்

அனல் காற்று. வாசல் முழுக்கப் புழுதி. பதினோரு மணிக்கு மினி வேனில் மீன் தொட்டி வந்து இறங்கியது. நாலடி நீளம். தூக்க நாலு ஆள். ஹாலில் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி வைத்தாயிற்று. வேறு சுவர் காலியில்லை.

மகன் செந்திலின் ஏற்பாடு. பெண்டாட்டிக்கு மீன் பிடிக்குமாம். பெண்டாட்டிதான் வீட்டில் இல்லை! மருமகள் வேணி சனிக்கிழமையே திருச்சுழிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி மூன்றே மாதம். "தலவலியா இருக்கு அத்தை, நாலு நாள் இருந்துட்டு வாரேன்." சரி, போகட்டும். ஆனால் கல்யாணத்தன்று கையோடு கொண்டுவந்த கண்ணாடிக் குடுவையை, உள்ளே இருந்த நீலச் சண்டை மீனோடு தூக்கிக்கொண்டு போனாளே. நாலு நாளைக்குப் போகிறவள் மீனையுமா கொண்டுபோவாள்? திரும்பி வருவாளா என்றே எனக்குச் சந்தேகம். செந்திலுக்கும் அதே சந்தேகம்தான். தொட்டி வாங்கியதே அதற்குத்தான்.

அவனுக்கு விருதுநகரில் வேலை. காலை ஏழு மணி பஸ், திரும்ப ராத்திரி எட்டரை. "நீயே மீன் பாத்து வாங்கிரும்மா. அவ வர்றதுக்குள்ள ரெடியா இருக்கணும்." எனக்கு மீனைக் குழம்பில்தான் தெரியும்.

ஜூன் 12, வியாழன்

மீன் கடை. பாட்டிலில் நம் வீட்டு போர் தண்ணீர் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு காகிதத் துண்டை முக்கிப் பார்த்தார். "அக்கா, இது நல்ல உப்பு. நியான் மீனெல்லாம் இதுல நிக்காது. மோலிக்கு இதுதான் வேணும்." அருப்புக்கோட்டைத் தண்ணீரை வேண்டும் என்று கேட்கிற ஓர் உயிரும் உண்டு. அடடா.

குறித்துக்கொண்டு வந்தது:
ஏஞ்சல்: அழகு. வளர்ந்தால் சின்னதை விழுங்கும்.
கோல்டு: அசிங்கம் செய்துகொண்டே இருக்கும். தனியாக வைத்தால் சரி.
கப்பி: அதன் பெரிய வாலைப் பார்த்தால் சண்டை மீனுக்குக் கோபம் வரும்.
டைகர்: சண்டை மீனின் வாலையே கடிக்கும். கூடவே கூடாது.
மோலி, பிளாட்டி, ஸீப்ரா: சாது. கூட்டமாக வாங்க வேண்டும். ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து சாகும்.
அடியில் மேய: அயிரை! நம்ம அயிரையேதான்!

வேணியின் சண்டை மீன் வந்து சேரும், அதற்கு ஒத்துப்போகிற கூட்டம்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். "வாய்க்குள்ள போற அளவுல இருந்தா தின்னுரும். அது ஒண்ணத்தான்க்கா பாக்கணும்," என்றார். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தறி லீவு. கருப்பு மோலி 6, பிளாட்டி 6, ஸீப்ரா 10. பையோடு அரைமணி மிதக்கவிட்டு, பிறகு திறந்தோம். செ. என் பேச்சைக் கேட்காமல் டைகர் 5 வாங்கி வந்துவிட்டான். "பாக்க நல்லாருக்கும்மா." நல்லா திட்டினேன்.

சாயங்காலம் வரை நாற்காலியைப் போட்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். டி.வி. தோற்றது. ஸீப்ராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை (கால் ஏது). இவர் வந்து எட்டிப் பார்த்து, "இதுல எதுவும் குழம்புக்கு ஆகாதே," என்றார்.

வேணிக்கு வீடியோ அனுப்பினோம். "சூப்பர் அத்தை" என்று பதில். எப்போது வருகிறாள் என்று இல்லை.

ஜூன் 16, திங்கள்

காலை பத்து மணி. தொட்டியில் ஒன்றையும் காணோம்! பதறிப்போய்க் குனிந்து பார்த்தால் எல்லாம் கல்லுக்குப் பின்னால், மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ணினேன். 27. சாகவில்லை. டைகர்தான் மிரட்டியிருக்கும். எனக்கு அப்போதே தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

டைகரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மார்க்கெட்டில் உயிரோடு அயிரை, எண்ணிப் பத்து. விற்கிற அம்மா முறைத்தாள். "பத்து மீன வச்சு என்னக்கா கொழம்பு?" வளர்க்க என்றேன். பக்கத்துக் கடைவரைக்கும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

அயிரையும் விட்டதும் மண்ணுக்குள் போய்விட்டது. மற்றதெல்லாம் அதே மூலை. டைகர் இல்லை, இன்னும் என்ன பயம்? வெளிச்சம் கூசுகிறதோ என்று பழைய சேலையைப் போட்டு மூடினேன். பலனில்லை.

ஒன்று கவனித்தேன். மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் வெளியே வருகின்றன. எழுந்து வேலைக்குப் போனால் உள்ளே. வேணியும் இப்படித்தான். நாள் முழுக்கப் பின்னறை, சாப்பாட்டுக்கு மட்டும் தரிசனம். மகாராணி என்று நான் இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

வேணி அறையைக் கூட்டினேன். தலையணைக்கு அடியில் பஞ்சு, உருட்டி உருட்டி ஏழெட்டு. தறி வீடென்றால் பஞ்சு பறக்கத்தான் செய்யும், ஒரு விளக்குமாறு எடுக்கக் கூடாதா? அலமாரியில் குடுவை இருந்த இடத்தில் போர்வை ஒன்று, எட்டாக மடித்து, நடுவில் வட்டமாகப் பள்ளம். மீனுக்கு மெத்தை போட்டிருக்கிறாள்! தறிக்கூடத்துக்கே போய் இவரிடம் கத்திச் சொன்னேன். சிரித்தார்.

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. செ. சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று போனில் அவளிடம் "என்னதான் பிரச்சினை, சொல்லு," என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

நாள் முழுக்க எல்லாம் வெளியே! அயிரைகூட. "பழகிருச்சும்மா," என்றான் செ. எனக்கும் நிம்மதி.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றுத் திரும்பவும் மூலை. வெறுத்துவிட்டது.

இன்று மாதாந்திர மின்தடை, ஒன்பது மணி முதல். காற்று மோட்டார் நின்றது. மூச்சுமுட்டிச் சாகப்போகிறது என்று கடைக்கு போன் போட்டேன். "சொம்புல தண்ணிய மோந்து மோந்து ஒசக்க இருந்து ஊத்துங்கக்கா, ஒண்ணும் ஆகாது." ஊத்த உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக வந்தன. பட்டப்பகல். சேலை மூடவில்லை. சாப்பாட்டு நேரமும் இல்லை, ஞாயிறும் இல்லை. ஸீப்ரா என் சொம்புத் தண்ணீரிலேயே விளையாடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் வரை அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. இவர் முதல் தறியைப் போட்டார். படக்கென்று அத்தனையும் கல்லுக்குப் பின்னால்.

ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். வந்தன. போடச் சொன்னேன். ஓடின. மூன்று தரம். "மீனுக்காகத் தறிய நிறுத்தச் சொன்ன மொத ஆளு நீதான்டி," என்றார். தொட்டி ஸ்டாண்டின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். வட்டம் வட்டமாக நடுங்கியது.

முப்பது வருடம் இந்த வீட்டில். பிறந்த வீடும் தறி வீடுதான். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், டைகரைச் சந்தேகப்பட்டேன், வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டேன். இது ஒரு சத்தம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் பஞ்சு ஞாபகம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து ஓர் உருண்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன். அளவாக உட்கார்ந்தது. போர்வை மெத்தையும் அதற்குத்தான், குடுவை நடுங்காமல் இருக்க. கிராமத்தில் ஆட்டு மணிச் சத்தம் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை. மகாராணி என்றேனே. என் வாயில் சூடு வைக்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

தெருப்பக்கச் சுவரில் இருந்த பீரோவை எடுத்துவிட்டுத் தொட்டியை அங்கே நகர்த்தி, அடியில் தெர்மாகோல். ஓரளவு தேவலை. மீனுக்குத் தெர்மாகோல் போடலாம், மருமகளுக்கு? தறியை நிறுத்தினால் சோறு ஏது?

செந்திலுக்குத் தறியில்லாத தெருவில் வீடு பார்க்க வேண்டும் என்றேன். இவர் குதித்தார். "ஒத்த மகனத் தனிக்குடித்தனம் வச்சா ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். நமக்குத்தான் கேக்காதே."

நான் வீறாப்பாகப் பேசிவிட்டு, தறிக்கு நூல் தார் சுற்றும்போது அழுதேன். அவன் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்?

ஜூன் 26, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல்மாணல். திருச்சுழி தாண்டியாயிற்று. ஜன்னலோரம் வேணி, மடியில் குடுவை, நீல மீன். நேரே வீடு பார்க்கப் போகிறோம். மோலியும் பிளாட்டியும் வீட்டில் காத்திருக்கின்றன என்றேன், எத்தனை எத்தனை என்று கேட்டாள். ஸீப்ரா பத்து என்றதும் முகம் மலர்ந்தது.

காலையில் வேணியின் அம்மா வீட்டில் அத்தனை அமைதி. என் காதுக்குள் தறி ஓடியது. நான் பேசியதைக் கேட்டுச் சம்பந்தியம்மா, "மெல்ல மதினி, சண்டையோன்னு பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்குறாக," என்று கையைப் பிடித்தார்கள். மூன்று மாதமும் இந்தக் குரலில்தானே இந்தப் பிள்ளையிடம் பேசியிருக்கிறேன்.

முந்தானையில் முடிந்து கொண்டுபோன பஞ்சை எடுத்து வேணி கையில் வைத்தேன். பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, ஆத்தா?"

"சொன்னேன் அத்தை. மூணு தடவ சொன்னேன். தறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீக."