கொல்லை வேலியும் கோழி பிரியாணியும்

தானே புயல் கொல்லை வேலியைப் பிடுங்கி எறிந்து இரண்டு மாதம் ஆகியும், புது வேலி மரப்பலகையா, பிவிசி பலகையா என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவுக்கு வரவில்லை. இன்று பத்து மணிக்கு வேலிக்காரர் இரண்டிலும் மாதிரி கொண்டுவருகிறார். சலேத் மேரிக்கோ தங்கையைப் பார்க்கச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலண்டர் தாளைக் கிழித்து, தூங்கிக்கொண்டிருந்த அமலதாசுக்கு எழுதினாள்.

“என்னங்க, சோறு குக்கர்ல இருக்கு. கொழம்பு கத்திரிக்கா. வெளிய போனா சாவிய பக்கத்து வூட்டு ரெஜினா அக்காகிட்ட குடுங்க. வேலிக்காரர்கிட்ட பிவிசின்னு சொல்லிடுங்க. மரம்னா கரையான் அரிச்சிடும்.”

மனசு கேட்காமல் அடியில் சேர்த்தாள்: “மரம்தான்னு ஒரு மாசமா மல்லுக்கு நின்னீங்க. நேத்து திடீர்னு ‘எதுவா இருந்தாலும் சரி, நாளைக்கே போடணும், இடுக்கே இருக்கக் கூடாது’ன்னீங்க. எம் பேச்சையும் கேக்குறீங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சி.”

கொல்லைக் கதவைப் பூட்டப் போனவளை, வேலியில்லாத அந்தப் பக்கத்திலிருந்து ரெஜினா அக்கா கூப்பிட்டாள்.

“ஏன்டி மேரி, தவக்காலம் முடிஞ்சி ஈஸ்டர் வர்ற வரைக்கும் கறி தொட மாட்டேன்னு கோயில்ல சொன்னாரே ஒன் வூட்டுக்காரரு? வெள்ளிக்கெழம கெணத்துக்குப் பின்னால குந்திகிட்டு கோழி பிரியாணி சாப்பிட்டாரே!”

மேரி உள்ளே வந்தாள். வேலியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“மரமோ பிவிசியோ, ஒங்க இஷ்டம். ஆனா ஈஸ்டர் முடிஞ்சிதான் வேலி. அதுவரைக்கும் ரெஜினா அக்காவுக்கு நம்ம கொல்ல நல்லாத் தெரியட்டும்.”