சூப்பர்வைசரைக் கட்டிய கயிறு

அடியே, இன்றைக்கு ஆடிட். கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்கியதும் இறங்காததுமாக, கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் பிடித்துக்கொண்டார். "ம்மா, அந்த நீலக் கயிறு எங்க கீது? சூப்பர்வைசரக் கட்டணும்." எந்தக் கயிறு என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். நீ போன பிறகு வருகிற முதல் ஆடிட் இது.

அந்தச் செம்மண் நிற நாய்க்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தவள் நீதான். வேலை ஒன்றும் செய்யாமல் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் எல்லார் சாப்பாட்டுப் பையையும் மோந்து பார்க்கிறதே, வேறென்ன பெயர் வைப்பது என்றாய். நிஜ சூப்பர்வைசர் காதில் அது விழுந்து, அவரே சிரித்துவிட்டார்.

அது சாகப் பிழைக்கக் கிடந்த அன்றைக்கும் ஆடிட்தான், நல்ல கத்திரி வெயில். கம்பெனியைச் சோதிக்க வருகிறவர்கள் கண்ணில் நாய் படக் கூடாது என்பது நம் கேட்டின் வழக்கம். அண்ணன் நல்ல மனசோடுதான், வெயில் படாத இடமாயிற்றே என்று, ஸ்க்ராப் போடும் தகர ஷெட்டுக்குள் அந்த நீலக் கயிற்றால் அதைக் கட்டிச் சட்டியில் தண்ணீரும் வைத்தார். நிழல்தானே என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கனத்த சேஃப்டி ஷூவோடு நடக்கிறவர்களுக்குத் தரையின் சூடு எங்கே தெரிகிறது?

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் சட்டி கவிழ்ந்து கிடந்தது. நாக்கு வெளியே தள்ளி, எச்சில் கெட்டியாக வழிய, நாய் நிற்க முடியாமல் தள்ளாடியது. "வெறி புடிச்சிருச்சு, கிட்ட போவாத!" என்று லைனில் வேலை செய்யும் ஒருவன் இரும்புக் கம்பியைத் தூக்கினான். நான் பின்வாங்கினேன். நீ கம்பிக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்றாய்.

"வெறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுக்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காதுடா. மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளணும். இந்தத் தகரத்துக்குள்ள காத்தே அனலா கீது, அது எங்க தள்ளும்?"

கயிற்றை அவிழ்த்து, நாயைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் பின்னால் இருக்கும் புங்க மரத்தடிக்கு ஓடினாய். நான் குழாயைத் திறந்தேன். "டேங்க் தண்ணி கொதிக்குதுடி! கேன் தண்ணி எடுத்தா!" என்று விரட்டினாய். ஈரக் கோணியை அதன்மேல் போர்த்தப் போனேன். "மேல மூடாத, சூடு உள்ளயே நின்னுடும். அடியில போடு." வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் நீ தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாய். நாய் என்றாலே தெரு மாறிப் போகிற நான், அட்டைப் பெட்டியைக் கிழித்து அதற்கு விசிறிக்கொண்டிருந்தேன். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றாய். அது தானாக நாக்கை நீட்டி நக்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ஷேர் ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். உடனே உடம்பைக் குளிர வைத்ததால்தான் பிழைத்தது என்றார். எல்லாம் முடிந்து திரும்பும்போது நீ அழுதாய். மண்ணூரில் உங்கள் வீட்டு நாய், ஜன்னல் மூடிய வேனுக்குள் இப்படித்தான் செத்தது என்றாய். "அப்போ எனுக்கு இதெல்லாம் தெரியாதுடி."

அதன் பிறகு வந்த ஆடிட்களில் அண்ணன் நீலக் கயிற்றைத் தேடுவார். நீயும் கூடச் சேர்ந்து மும்முரமாகத் தேடுவாய். அதற்குள் நாய் புங்க மரத்தடியில் மண்ணைப் பறித்து, வயிற்றைக் குளிர்ந்த மண்ணில் வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருந்தாய். ஈரத்துணியால் உன் கழுத்தையும் பாதங்களையும் துடைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "இன்னாடி, என்னயும் சூப்பர்வைசர் ஆக்கிட்டியா?" என்றாய். அது தேறியதுபோல நீயும் தேறிவிடுவாய் என்று நம்பிச் சிரித்தேன். நீ தேறவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உன் லாக்கரை உன் அம்மாவோடு நான்தான் காலி செய்தேன். ஒரு ஹேர் கிளிப், உன் சேஃப்டி ஷூ, அந்த ஷூவுக்குள் சுருட்டி வைத்த நீலக் கயிறு. கள்ளி! அம்மா எதிரிலேயே சிரித்துவிட்டு அப்புறம் அழுதேன்.

நம் பஸ் வந்தால் சூப்பர்வைசர் இன்னும் உன் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கிறது. இன்று அண்ணனிடம் இதோ வருகிறேன் என்று நழுவிப் போய், மரத்தடியில் கோணியை நனைத்துப் போட்டு, கவிழாத பெரிய பேசினில் தண்ணீர் வைத்துவிட்டுக் கேட்டுக்குத் திரும்பினேன். என் பின்னாலேயே வந்திருந்த சூப்பர்வைசர் மரத்தடியிலேயே படுத்துக்கொண்டது. அண்ணனுக்கோ பயம் போகவில்லை. "நாய் கேட்டாண்ட நின்னா எனக்குத்தான்மா மெமோ குடுப்பாங்க. அந்தக் கயிறு மட்டும் கெடச்சிட்டா..." என்று மேசைக்கு அடியில் குனிந்தார்.

நானும் அவரோடு குனிந்து மும்முரமாகத் தேடினேன். என் தோளில் தொங்கிய பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது கயிறு.