கல்வெட்டுக்கு ஏற்பச் சுறாவைத் திருத்துவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
நகர அருங்காட்சியகத்தில் இறந்த உயிரினங்களைப் பதப்படுத்திப் பாடம் செய்து வந்த, காலஞ்சென்ற அலுவலரின் மனைவி,
மேல்மாடி, துறைமுகச் சாலை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: காளைச்சுறாவின் பற்களைப் பிடுங்கிப் புலிச்சுறா ஆக்கும் பணியை உடனே நிறுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அருங்காட்சியகத்தின் கடல் கூடத்தில் என் கணவர் பாடம் செய்து நிறுத்திய சுறா ஒன்று உள்ளது. அது காளைச்சுறா. மழுங்கிய மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத சின்னக் கண், கோடோ புள்ளியோ இல்லாத சாம்பல் நிறத் தோல். முதலில் பார், பிறகு பெயர் சொல் என்றுதான் கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். கூடத்தைப் புதுப்பித்தவர்கள் பார்க்காமலே பெயர் சொல்லி, திறப்பு விழாக் கல்வெட்டில் ‘புலிச்சுறா’ என்று செதுக்கிவிட்டார்கள்.

2. புலிச்சுறாவுக்கு உடம்பில் வரிகள் இருக்கும், இதற்கு இல்லை, ஆகவே கல்வெட்டைத் திருத்துக என்று காப்பாட்சியருக்கு எழுதினேன். உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது. நான் சென்று பார்த்தபோது பெயின்டர் ஏணியில் நின்று சுறாவுக்கு வரி போட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு கோடு வேணும்னா சொல்லுங்கம்மா, பெயின்ட் மிச்சம் இருக்கு" என்றார். மரியாதையான மனிதர். அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

3. புலிச்சுறாவின் முதுகில் இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே மெல்லிய வரப்புபோல ஒரு மேடு ஓடும், இதற்கு அதுவும் இல்லை என்று மறுபடி எழுதினேன். கொத்தனார் வந்தார். மேடும் வந்தது. நேரில் கேட்டபோது காப்பாட்சியர் அளித்த விளக்கம்: "கல்வெட்டுல கை வைக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்மா. மீன்ல கை வைக்க நம்ம ஆபீஸே போதும்."

4. அந்தக் கோபத்தில், பல்லையாவது பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். புலிச்சுறாவின் பல் மேலும் கீழும் ஒரே மாதிரி, ஒரு பக்கமாக வளைந்து, சேவல் கொண்டைபோல இருக்கும். இதற்கோ மேல்வரிசை ரம்பம் வைத்த முக்கோணம், கீழ்வரிசை ஒல்லி. அவர்கள் பார்த்தார்கள். பல் செட் கட்டும் கடைக்காரரை வரவழைத்து, சுறாவின் வாய்க்குள் மெழுகு வைத்து அளவு எடுத்தாயிற்று. "எங்க கடைப் பல்லப் போட்டவங்க கல்லையே கடிக்கிறாங்க" என்று அவர் எனக்கு உறுதி கூறினார். திங்கட்கிழமை பழைய பற்களைப் பிடுங்குகிறார்கள்.

5. ஐயா, அந்தத் தாடை என் சமையலறையில், என் பெரிய அண்டாவில் சதை கழல வெந்தது. அந்த மாதம் முழுவதும் உறவினர் ஒருவரும் எங்கள் வாசற்படி ஏறவில்லை. என் நாத்தனார் தெருவில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பல்லாகப் பதித்த என் கணவரின் கட்டைவிரலில் ஒன்று ஏறி, அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. வயிற்றுத் தையலில் வால்பக்கம் ஒரு சாண் நான் போட்டது. அவர் போட்டதைவிட நேராக இருக்கும், தாங்கள் குனிந்து பார்க்கலாம். அவர் கைபட்டவற்றில் இன்று நிமிர்ந்து நிற்பது இது ஒன்றுதான்.

6. ஆகவே, கல்வெட்டு எப்படி வேண்டுமானாலும் பொய் சொல்லட்டும். அதைத் திருத்தும்படி இனி நான் கேட்கமாட்டேன். பற்களை மட்டும் விட்டுவிடும்படி திங்கட்கிழமைக்குள் உத்தரவிட வேண்டுகிறேன்.

7. இவ்விரு சுறாக்களுக்கும் வாலருகே இன்னொரு வேறுபாடும் உண்டு. அது என்னவென்று இம்மனுவில் நான் குறிப்பிடவில்லை. யார் கேட்டாலும் சொல்வதாக இல்லை.

இடம்: கடல் கூடம், சுறாவுக்கு எதிர் பெஞ்சு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவு வரும்வரை இதே பெஞ்சில் அமர்ந்திருக்கும்,
(கையொப்பம்)