கடல் எழுதியவள்

4-3-1946, திங்கள்
மஞ்சளில் எவ்வளவு நீலம் சேர்த்தால் நாற்றின் பச்சை வரும்? பகலெல்லாம் இதே நினைப்பு. குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

11-3-1946
நாடகத் திரைத்துணியில் சீன் எழுதும் என் வீட்டுக்காரருக்கு ஏணியிலிருந்து விழுந்து வலது கை முறிந்துவிட்டது. சித்திரையில் சிறுவாச்சூரில் நாடகம். கடல் சீன் இன்னும் வெறும் துணியாகத் தொங்குகிறது. பத்து வருஷமாக இவருக்கு வச்சிரப் பசை காய்ச்சி, சாயம் குழைத்துக் கொடுப்பவள் நான். கேட்டுவிட்டேன்.
"நான் எழுதட்டுமாங்க?"
"நீ கடலப் பாத்திருக்கியா?"
"நீங்க பாத்திருக்கீங்களா?"
இடது கையால் தூரிகையை என் பக்கம் தள்ளினார்.

20-3-1946
எழுதுகிறேன். ஓடையில் கிடந்த, கல்லாகிப்போன சங்கு ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஆனாலும் ஒரு காலத்தில் அரியலூர் முழுக்கக் கடலாம். ஏர் ஓடுகிற காட்டுக்கு மேலே மீன்கள் — எதிர்வீட்டுக் கமலவேணியின் கூரைக்கு மேலே அலை — கை தானாகப் போகிறது. மத்தியானம் சாப்பிட்டேனா?

7-4-1946
முடிந்தது. இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சீனைச் சுருட்டி எடுத்துப்போக நாடகக் கம்பெனி மானேஜர் பூமாலை வந்தார்.
"கை முறியறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிட்டீங்களா ராசாங்கம்? பிரமாதம்!"
இவர் தலையாட்டினார். ஏன் ஆட்டினார்? கதவுக்குப் பின்னாடிதானே நின்னேன் — ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அடுப்படியில போயி அழுதேன்.

28-4-1946
நேற்று சிறுவாச்சூர். சீன் இறங்கியதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த அரும்பாவூர்க்காரி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "நனைஞ்சிரும்போல இருக்குக்கா" என்று சிரித்தாள். நான் எழுதியது என்று சொல்ல வாய்வரை வந்தது. 

நாடகம் முடிந்ததும் மானேஜர் இவரை மேடைக்கு அழைத்து மாலை போடப் போனார். இவர் நல்ல கையால் தடுத்துவிட்டார்.
"அத நான் எழுதலைங்க. எம் பொஞ்சாதி ஜெகதாம்பாள் எழுதுனது. அந்தா, பொம்பளைங்க பக்கம் உக்காந்திருக்கா."
எல்லாத் தலையும் திரும்பியது. எப்படி எழுந்தேன், எப்படி மேடைக்குப் போனேன் — ஒன்றும் நினைவில்லை. சாமந்தி வாசனை மட்டும் இருக்கிறது.

திரும்பும் வண்டியில் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருக்கணும். வெக்கமாப் போச்சு."

2-9-1946
இவர் கை எலும்பு கூடிவிட்டது. ஜெயங்கொண்டத்துக்கு ஒரு வன சீன் வேண்டுமாம். துணியை இழுத்துக் கட்டிவிட்டு, "ஆகாசத்த நீ எழுது. புல்ல நான் பாத்துக்கறேன்" என்றார்.
கீழே குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு இன்னும் பாதி மேகம் பாக்கி.