நீங்கள் தொட வேண்டாம் என்ற பெட்டி

அன்புள்ள என்னங்கவுக்கு,

இங்கே நானும் அத்தையும் நம் வாலுப் பையனும் நலம். பேட்டரி வண்டியும் இப்போது நலம். இடையில் அது படுத்து எழுந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் என் முதல் வாக்கியம் முடிவதற்குள் "அதை ஏன் தொட்டே?" என்று ஆரம்பிப்பீர்கள். அப்புறம் சொல்ல வந்தது போய்ச் சண்டைதான் மிஞ்சும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகக் கடைசி வரைக்கும் படியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றே முக்கால் பக்கம் வயரிங். லீவில் வந்து, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் அந்த வோல்டேஜ் ரெடியூசர் பெட்டியை எப்படி மாட்டப் போகிறீர்கள் என்று படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். கடைசி வரியில் மட்டும், யாரோ பின்னால் நின்று அவசரப்படுத்தியது போல, "கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்" என்று இருந்தது. அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் வரிசைப்படியே, முதலில் வயரிங்.

கோல்ஃப் மைதானத்தில் ஓடிக் களைத்த வண்டியை வாங்கினீர்கள். ஆஸ்பத்திரி வளாகத்தில் நோயாளிகளை ஏற்றிப் போகக் கான்ட்ராக்ட்டும் பிடித்தீர்கள். "ஒரு வருஷம் நீ ஓட்டு, அப்புறம் நான் வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். அந்த ஒரு வருஷம் எந்த ஊர்க் கணக்கு என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. போகட்டும். ஓட்டுவது எனக்குப் பிடித்துவிட்டது.

வினை ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் உருவத்தில் வந்தது. வளாகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர், ஏனென்றால் வாயைத் திறந்தால் அதுதான் வரும். எல்லா வண்டியிலும் விளக்கு, விசிறி, வழி விடச் சொல்லும் ஒலிபெருக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வண்டி வந்துவிடும் என்றார். நீங்கள் அனுப்பிய ரெடியூசர் பெட்டி பீரோவில் துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. "நான் வர்ற வரைக்கும் பெட்டியத் தொடாதே" என்று சொல்லியிருந்தீர்கள். நீங்கள் வரும் தேதியோ தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

சொன்ன பேச்சைக் கேட்டேன். பெட்டியைத் தொடவில்லை. பேட்டரியைத் தொட்டேன்.

சீட்டுக்கு அடியில் நாலு பேட்டரி இருக்கிறது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டியது பன்னிரண்டு. அப்படியானால் பெட்டி எதற்கு என்று, கைக்கு எட்டிய முதல் பேட்டரியிலிருந்தே எல்லாவற்றுக்கும் வயரை இழுத்துவிட்டேன். நீங்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. ஆனால் விளக்கு ஜோராக எரிந்தது. விசிறி சுற்றியது. "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று என் குரலிலேயே பதிவு செய்து ஓடவிட்டேன். அவசரமே பாராட்டினார். கொஞ்ச நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் ஒரு நாள் எலும்பு வார்டுக்குப் போகிற ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. அன்றைக்கென்று ஏறியவர் ஒரு உடற்பயிற்சி மாஸ்டர். வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அந்தக் கட்டே ஒரு ஆள் கனம் இருக்கும். அவர் மனைவியும் மச்சானும் இறங்கித் தள்ளினார்கள். வழியில் போன நர்ஸ் தள்ளினார். மருந்து வாங்க வந்தவர்கள் தள்ளினார்கள். வண்டிதான் நின்றதே தவிர, என் குரல் நிற்கவில்லை. தள்ளுகிற அத்தனை பேரையும் பார்த்து "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் எனக்கு எந்த ஸ்விட்ச் எது என்றே தெரியவில்லை. மாஸ்டரின் மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்மா, நாங்க வழி விட்டா வண்டி பின்னாடி போயிடும்மா" என்றார். மாஸ்டர் சிரித்ததில் வண்டி இன்னும் கனத்தது.

சாயங்காலம் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று பேட்டரி தெம்பாக இருந்தது. முதல் பேட்டரி மட்டும் பத்துக்குக் கீழே கிடந்தது. வண்டியையும் இழுத்து, விளக்கு விசிறி ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே படியளந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "நாலு பேர் இருக்கற வீட்ல எல்லாத்தையும் ஒருத்தி தலையில கட்டின மாதிரி" என்று தானாகவே சொல்லிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று ராத்திரி பாத்திரம் அவர்தான் கழுவினார். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அந்த முதல் பேட்டரியை மட்டும் கழற்றித் தனியாக, மெதுவாக சார்ஜ் போட்டேன். வண்டி ஷெட்டுக்கு வந்து வந்து, "தேறிடுமா?" என்று நர்ஸ்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள். தேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் பெட்டியைத் துண்டோடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். டார்ச் பிடிக்க அத்தை வந்தார். நீங்கள் பெருமைக்கு எழுதிய மூன்றே முக்கால் பக்கத்தை நான் பாடமாக எடுத்துக்கொண்டேன். சாவியை எடுத்து அத்தையின் இடுப்பில் செருகியாயிற்று. பேட்டரியின் பெரிய கேபிளைக் கழற்றியாயிற்று. நான் மோதிரத்தைக் கழற்றினேன். டார்ச் மட்டுமே பிடிக்கப்போகிற அத்தையும் கம்மல் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். முன்பு நான் முதல் பேட்டரியில் இழுத்திருந்த வயர்களை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். பேட்டரியை ஒட்டாமல், காற்றுப் படுகிற இடமாகப் பார்த்துப் பெட்டியை ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். சிவப்பு வயர் நாலு பேட்டரிக்கும் ஒரு கோடியில், கறுப்பு மறு கோடியில். அப்படிக் கொடுத்தால்தான் நாற்பத்தெட்டு வோல்ட்டும் பெட்டிக்குள் போய்ப் பன்னிரண்டாக வெளியே வரும், நாலும் சமமாகச் சுமக்கும். ஃப்யூஸை மறக்கவில்லை. மெல்லிய வயரைச் சாவிக்குக் கொடுத்தேன், சாவியைத் திருப்பினால்தான் பெட்டி கண்விழிக்க வேண்டும் என்று. பெரிய கேபிளைத் திரும்ப மாட்டிச் சாவியைப் போட்டு, விளக்கு விசிறி எதையும் இணைப்பதற்கு முன்னால் பெட்டி வெளியே தருவதை மீட்டரில் பார்த்தேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை, "தப்பா காட்டுதா?" என்று பயந்துபோனார்.

எல்லாவற்றையும் இணைத்து சாவியைத் திருப்பினேன். எல்லா ஸ்விட்சும் போட்டபடியே இருந்திருக்கிறது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, நான் வழி விடச் சொன்னேன், கூடவே ஹாரனும் விடாமல் அலறியது. ஹாரனில் என்ன கோளாறு என்று டயர் வரைக்கும் தேடினேன். கடைசியில் பார்த்தால், அத்தை ஊன்றி நின்ற கை ஹாரன் பட்டன் மேல்தான் இருந்தது. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த காவலாளி எழுந்து எங்கள் இருவருக்கும் சல்யூட் அடித்தார்.

மறுநாள் அவசரமே ஏறி உட்கார்ந்து சோதித்தார். எலும்பு வார்டு ஏற்றத்தில் விளக்கும் விசிறியும் ஓட, வண்டி முனகாமல் ஏறியது. யார் மாட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு வேலையும் இல்லாமல் அன்று கூட வந்திருந்த அத்தை, "நானும் என் மருமகளும்" என்றார்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

உங்களை எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்ததும் முதலில் பெருமையாக இருந்திருக்கும். அப்புறம் முகம் லேசாகச் சுருங்கியிருக்கும். இவளே எல்லாம் செய்துகொள்கிறாள், நான் போய் என்ன ஆகப்போகிறது, இங்கேயே இருந்தாலாவது உபயோகம் என்று நினைத்திருப்பீர்கள். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூடத் தேடியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

போன லீவில் வந்த அன்றே சட்டையைக் கழற்றிக் குழாய்க்கு அடியில் படுத்தீர்கள். அப்புறம் மிக்சி. அப்புறம் மோட்டார். ஊருக்குக் கிளம்புகிற காலையிலும் குளியலறைத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். டாக்சி வந்து நின்ற பிறகுதான் என் முகத்தைப் பார்த்தீர்கள். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதனால் எல்லாவற்றையும் நானே முடித்துவிட்டேன். குழாய் சொட்டவில்லை. தாழ்ப்பாள் விழுகிறது. மிக்சி ஓடுகிறது. இந்த வீட்டில் உங்களுக்கு என்று ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. வந்தால் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும் இடத்தையும் சொல்ல மாட்டேன்.

எனக்கு இப்போது குறைவது ஒன்றுதான். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், இன்றைக்கு இப்படி நடந்தது என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் வேண்டும். மாஸ்டரின் மச்சான் சொன்னதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால் எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே அன்று தனியாகச் சாப்பிட்டேன். எழுதுவதற்குள் பாதிச் சிரிப்பு ஆறிவிட்டது.

கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியைப் பார்க்க வர வேண்டாம், வீட்டைப் பார்க்க வர வேண்டாம். சும்மா வாருங்கள். வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி